பேப்பரில் மட்டும் பிரிந்தவர்கள்

வீட்டில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். பேசப் பழகிய வயதிலேயே பால் குடிக்க மாட்டேன் என்பதற்கு அடுக்கடுக்காகக் காரணம் சொன்னாளாம். அன்றைக்கு அப்பா வைத்த பெயர். பெயரும் ஒட்டிக்கொண்டது, வேலையும் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்ற வந்தால் கதவைத் திறப்பது அவள். மின்சாரக் கட்டணத்தில் குளறுபடி என்றால் அலுவலகத்தில் போய் நிற்பது அவள். அப்பாவுக்கும் சரி, அம்மாவுக்கும் சரி, பேச்சு வராது. அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் இரண்டு மாடிகளுக்கு நடுவே இருட்டில் நின்று கம்பியோடும் கிரீஸோடும் மல்லுக்கட்டுகிறவர். அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டு எடுத்து மடிக்க வேண்டும். அங்கே இயந்திரம் போடும் கூச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

அதனால், கட்டடக்கலைக் கல்லூரியில் இடம் உண்டு, ஆனால் உதவித்தொகை பாதிதான் என்று பதில் வந்தபோது, அந்தப் பேச்சை யார் எடுப்பது என்ற கேள்வியே எழவில்லை.

வக்கீல் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். அப்பாவுக்குத் தன்னால் முடியவில்லையே என்று சுருக்கென்று தைத்துவிடக் கூடாது. அம்மா பயந்து காதுத் தோட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் நடுவில் அழுது தொலைக்கக் கூடாது. ஒரு வருஷம் வேலைக்குப் போய்ச் சேர்த்துவைத்துக்கொண்டு அப்புறம் சேரலாம் என்று ஒரு யோசனை. பக்கத்திலேயே இருக்கும் மலிவான பயிற்சிக் கல்லூரியில் கட்டட வரைபடம் போடும் வரைவாளர் படிப்பு என்று இன்னொன்று. இரண்டையும் சிரித்த முகத்தோடு சொல்லிப் பழகிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள்.

"அப்பா, காலேஜ்லேர்ந்து பதில் வந்திருக்கு. இடம் நிச்சயம். ஆனா பணம் பாதிதான் குடுப்பாங்களாம்."

"ஏன் பாதி?"

"உங்க சம்பளத்தையும் அம்மா சம்பளத்தையும் சேர்த்துப் பாத்தா அவங்க வெச்சிருக்கற வரம்பைக் கொஞ்சம் தாண்டிடுது."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

வக்கீல் தயங்கினாள். இந்த இடத்தை மட்டும் அவள் ஒத்திகை பார்க்கவில்லை. "அம்மா ஓவர்டைம் பாத்தாளே, கிட்டத்தட்ட அவ்வளவு."

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. மகள் படிப்புக்கு ஆகட்டும் என்று ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்த ஓவர்டைம் அது. அந்தக் காசுதான் இப்போது குறுக்கே வந்து நிற்கிறது. அம்மா ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தாள்.

"அதனால என்னப்பா, நான் யோசிச்சு வெச்சிருக்கேன். இந்த வருஷம் நான் வேலைக்குப் போயி…"

"தாய் தகப்பன் சேர்ந்து இல்லாத வீடுன்னா?" என்றார் அப்பா.

"என்னதுப்பா?"

"தனித்தனியா இருந்தா, பிள்ளை யார்கூட இருக்கோ அவங்க வருமானத்தை மட்டும்தான் பாப்பாங்க. விதியிலயே இருக்கு. அம்மா சம்பளம் மட்டும்னா உனக்கு முழுசும் கிடைக்கும்."

ஒரு ஜோடி செருப்பு வாங்கவே கடைக்கு நாலு நடை நடக்கிற மனுஷர் அப்பா. அந்த விதிகளை அவளே கடைசிவரை படித்திருக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கூட வேலை செய்யறவன் சொன்னான். அவன் மச்சான் வீட்டுல இப்படித்தான் பண்ணாங்களாம்."

"அது பொய் இல்லையாப்பா?"

"பேப்பர்லதானே" என்றார் அப்பா. "யார் குடியைக் கெடுக்கறோம்?"

வக்கீல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சண்டை போடுவாள், இல்லாவிட்டால் ஊர் என்ன பேசும் என்றாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்க தங்குவீங்க?"

"ஒர்க்‌ஷாப் பக்கத்துல கண்ணாடிக் கடைக்கு மேல ஒரு ரூம் இருக்காம். வாடகை ரொம்பக் கம்மி. காலேஜ்காரங்க விசாரிச்சு முடிக்கற வரைக்கும்தான். நாலஞ்சு மாசம்."

அம்மா எழுந்து தட்டுகளை அடுக்கினாள். "சரி" என்றாள், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "பேப்பர்லதானே."

அந்த வாரம் வீடு கொஞ்சம் கலகலப்பாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். வக்கீலுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி பிடித்துப் போயிற்று. வேஷம் என்றால் முழுசாகப் போட வேண்டும் என்று அவளே முன்னின்று அப்பாவின் சாமான்களைக் கட்டிக் கொடுத்தாள். சவரப் பெட்டி, ரேடியோ, மழைக்கோட்டு, ஒரு தலையணை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பழைய சட்டையைக்கூட விடவில்லை. "யாராவது வந்து பாத்தா ஆம்பளை இருக்கற அடையாளமே தெரியக் கூடாதுப்பா" என்றாள். அப்பா சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அபூர்வம். அதனால் இன்னும் இரண்டு சட்டையை எடுத்து மடித்தாள்.

பிரிந்து இருப்பதாகப் புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டதும், உதவித்தொகைப் பிரிவில் அம்மாவையும் மகளையும் நேரில் வரச் சொன்னார்கள். போகிற பஸ்ஸில் வக்கீல் பாடம் நடத்தினாள்.

"எவ்வளவு நாளா தனியா இருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"ஒரு வருஷமா."

"ஏன்னு கேட்டா?"

"ஒத்துவரலைன்னு சொல்லணும்."

"அவ்வளவுதான். மேல ஒரு வார்த்தை பேசாதே. பேசினாத்தான் மாட்டிப்போம். மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்த அறையில் ஜன்னலோரமாக ஒரு மேஜை, அதன் மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று. அழுகிறவர்கள் நிறைய வருவார்கள் போலிருக்கிறது என்று வக்கீல் நினைத்துக்கொண்டாள். அலுவலர் ஐம்பதை ஒட்டிய அம்மாள். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, கேள்வி கேட்கும்போது நேராகக் கண்ணைப் பார்த்தாள். மிரட்டுகிற பார்வை இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"எவ்வளவு நாளா தனியா இருக்கீங்கம்மா?"

அம்மா மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எப்பவுமே தனியாத்தான் இருந்தோம்" என்றாள். "ஒரே வீட்டுல இருந்தோம். அவ்வளவுதான்."

வக்கீல் நடத்திய பாடத்தில் இது இல்லை. மேஜைக்கு அடியில் அம்மாவின் காலைத் தன் காலால் இடித்தாள். அம்மா நிறுத்தவில்லை.

"வேலை முடிஞ்சு வருவார். சாப்பிடுவார். நான் என்ன கேட்டாலும் ம்னு சொல்லுவார். அடிச்சதில்ல, திட்டினதில்ல. குடிக்க மாட்டார். நல்ல மனுஷன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நான் வீட்டுக்குள்ள வந்தா அவர் எழுந்து வேற ரூமுக்குப் போவார். கோவம்லாம் ஒண்ணும் கிடையாது. தானா கால் அப்படிப் போகும்." அங்கே குரல் உடைந்து, அம்மா அழுதாள். அலுவலர் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, வேறு கேள்வி எதுவும் கேட்காமல் எழுத ஆரம்பித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் வக்கீலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அம்மா! என்னமா நடிச்சே! அந்தம்மாவுக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆஸ்பத்திரித் துணி துவைக்கறதை விட்டுட்டு நீ நடிக்கப் போயிருக்கலாம்!"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் வக்கீல் நினைத்தாள். தோள் குலுங்கியது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

உதவித்தொகை முழுசாகக் கிடைத்தது. வக்கீல் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். அட்டை வெட்டுவதும் கட்டட மாதிரி ஒட்டுவதும் அளவுகோலோடு மல்லாடுவதுமாகப் பொழுது போன இடம் தெரியவில்லை. முதலில் அப்பா ஞாயிறு தவறாமல் வந்தார். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று பின்பக்கப் படி வழியாக வருவார். அதைச் சொல்லிச் சொல்லி வக்கீல் கேலி செய்வாள். அப்புறம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆயிற்று. அப்புறம், ஓர் அடுக்குமாடியில் இரண்டு லிஃப்டும் நின்றுவிட்டது என்று ஒரு மாதம் வரவேயில்லை. அம்மா அவருக்கென்று எடுத்து வைத்ததை மறுநாள் காலையில் தானே சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

வக்கீல் போன் பண்ணினாள். "அப்பா, விசாரணையெல்லாம் முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. இனிமே யாரும் வர மாட்டாங்க. மூட்டை கட்டிக்கிட்டு வந்து சேருங்க."

"அவசரப்படாதே. திடீர்னு செக் பண்ண வருவாங்களாம்."

"யார் சொன்னா?"

"சொன்னாங்க."

"பரீட்சை முடிஞ்சதும் வந்துடுவீங்களா?"

"பாக்கலாம்" என்றார் அப்பா. பிடி கொடுக்காமல் பேசுவது அவர் சுபாவம் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் பகல் வகுப்பு ரத்தாயிற்று. அந்தப் பக்கம்தானே, அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினாள். கண்ணாடிக் கடையில் முதலாளி, முண்டா பனியனோடு ஒரு பெரிய கண்ணாடியை மேஜையில் படுக்கப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தார். ஓரம் நறுக்கென்று உடைந்து விழும்வரை அவள் பொறுத்து நின்றாள்.

"லிஃப்ட் மெக்கானிக் மேலதானே இருக்கார்? நான் அவர் பொண்ணு."

"அட, நீதானா அது!" முதலாளிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "கட்டடம் கட்டற படிப்பு படிக்கறியாமே, சொல்லிக்கிட்டே இருப்பார். வேலைக்குப் போயிருக்கார், இப்ப வந்துடுவார். மேல போய் உக்காரும்மா, கதவு சும்மாத்தான் சாத்தியிருக்கும். தங்கமான மனுஷன். இத்தனை நாள்ல ஒரு தடவை வாடகை தள்ளினதில்ல."

"இத்தனை நாள்னா, ஏழெட்டு மாசம் இருக்குமா?"

"ஏழெட்டு மாசமா? போன வருஷம் இந்நேரம், என் தம்பி கல்யாணத்துக்கு முன்னாடியே பிடிச்சுட்டாரே. அப்ப ராத்திரி தங்க மாட்டார். வேலை முடிஞ்சு வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவார். மரவேலை ஏதாவது செஞ்சுக்கிட்டிருப்பார். இப்பத்தான் நிரந்தரமா வந்துட்டார்."

வக்கீல் படியேறினாள். போன வருஷம் இந்நேரம் அவள் கல்லூரிக்கு மனுவே போட்டிருக்கவில்லை.

அறை சின்னதுதான். சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. நாற்காலி என்றால் ஒன்றே ஒன்று. சுவரில் பலகை இழைத்து அலமாரி செய்திருந்தார். மூலைகள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. அதில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ரேடியோ. அவர்கள் வீட்டுச் சமையலறைக் கதவு கீல் கழன்று, தூக்கித்தான் சாத்த வேண்டும். கேட்டால் நேரமில்லை என்பார். இங்கே ஜன்னல் கொக்கிகூட மெருகு போட்டுப் பளபளவென்று இருந்தது. அவள் பெண்பிள்ளை இருக்கிற அடையாளத்தைத் தேடினாள். ஒரு சீப்பு, ஒரு முடி, ஏதாவது. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

அப்பா வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கையும் களவுமாகப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

"எப்ப வந்தே?"

"நீங்க இந்த ரூமுக்கு எப்ப வந்தீங்க?"

அப்பா செருப்பைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்தார்.

"என் படிப்புக்காகன்னு சொன்னீங்களே. நான் காலேஜுக்கு எழுதிப் போடறதுக்கு முன்னாடியே வாடகை குடுத்திருக்கீங்களே. யாருப்பா அது?"

"யாரும் இல்ல."

"பொய்."

"தேடிப் பாத்துக்கோ."

"பாத்துட்டேன்" என்றாள் வக்கீல். அந்த வெட்கத்தில் அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. "யாரும் இல்லன்னா எதுக்கு? அம்மா உங்களை என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணலை. அவ நல்லவ."

"அப்புறம்?"

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லவும் இல்லை, தானும் உட்காரவில்லை. "லிஃப்ட்டுக்குள்ள யாராவது மாட்டிக்கிட்டா நான்தான் போய்த் திறந்து விடுவேன். வெளிய வந்ததும் ஒரு மூச்சு விடுவாங்க பாரு. எனக்கு இங்க வந்து கதவைச் சாத்தினா அந்த மூச்சு வருது. எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியலை."

"நாங்க லிஃப்ட்டா உங்களுக்கு?"

"அப்படிச் சொல்லலை."

"அப்படித்தான் சொன்னீங்க. அதையும் நேரா சொல்லிட்டுப் போகத் துப்பில்லாம என் படிப்பை இழுத்தீங்க. உங்க சட்டையெல்லாம் நானே மடிச்சுக் குடுத்தேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமில்ல? ரேடியோவைக்கூட நான்தான் துணி சுத்திக் கட்டினேன்!"

"உனக்குப் படிப்பு கிடைச்சுதா இல்லையா?" என்றார் அப்பா. குரல் உயரவேயில்லை. "நான் பண்ணதுல உனக்கு ஒரு நஷ்டமும் இல்லையே."

அவர் அதை வன்மமாகச் சொல்லியிருந்தால்கூட எதையாவது எடுத்து எறிந்திருப்பாள். பில்லில் கூட்டல் சரிதானே என்று வாடிக்கையாளரிடம் காட்டுகிற மாதிரி சொன்னார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே முதலாளி தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னது காதில் விழாத மாதிரி நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலையிலிருந்து வந்து, கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வக்கீல் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது இதைத்தான்: அம்மாவிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, எங்கே நிறுத்தி மூச்சு விடுவது. வாசலில் நின்றவளின் முகத்தை அம்மா ஒரு தடவை பார்த்தாள்.

"அப்பா ரூமுக்குப் போனியா?"

"அம்மா, நான் ஒண்ணு சொல்லுவேன். நீ பதறக் கூடாது."

"போன வருஷமே பிடிச்ச ரூம்தானே? தெரியும்."

வக்கீல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சைக்கு முன்னாடி என்கிட்ட வந்து நின்னார். கொஞ்ச நாள் தனியா இருக்கணும் போல இருக்குன்னார். பொண்ணு பரீட்சை எழுதற வரைக்கும் பொறுத்துக்கோங்கன்னு சொன்னேன். பொறுத்துக்கிட்டார். அந்த மட்டுக்கும் நல்லவர்தான்." அம்மா வாளிக்குள் காலை அசைத்தாள். "அப்புறம் உன் காலேஜ் விஷயம் வந்துது. அவருக்கு அதுல ஒரு வழி தெரிஞ்சுது. எனக்கும் தெரிஞ்சுது. எப்படியும் போகப் போறார். போறதுல உனக்காவது ஏதாவது கிடைக்கட்டுமேன்னு தலையாட்டினேன்."

"அன்னிக்கு ஆபீஸ்ல அழுதியே…"

"ஆமா."

"நான் காலால இடிச்சேன்."

"தெரியும். நல்லா வலிச்சுது."

வக்கீல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள்.

"சொல்லியிருந்தா நீ காலேஜுக்கா போயிருப்பே? ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வெச்சுப் பஞ்சாயத்து பண்ணிக்கிட்டிருந்திருப்பே. அவரும் உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருந்திருப்பார். நான் உள்ள வந்தா எழுந்து போய்க்கிட்டு." அம்மாவின் குரலில் அதுவரை இல்லாத ஒரு காரம் ஏறியது. "இன்னொருத்தி இருந்திருந்தா தேவலை. தலைமுடியைப் பிடிச்சு இழுத்து ஒரு பாட்டம் சண்டை போட்டிருப்பேன். ஒண்ணுமே இல்லாததுக்கு விட்டுட்டுப் போனா யார்கிட்டப் போய் சண்டை போடறது, சொல்லு? அந்த நாற்காலிகிட்டயா?"

நாற்காலி ஒன்றுதான் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் ஒருநாள் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறாள். அதை வக்கீல் கேட்கவில்லை. தண்ணீர் ஆறிப் போயிருந்தது. எழுந்து போய் வேறு சுடவைத்துக் கொண்டுவந்து ஊற்றினாள்.

அழுது முடித்த பிறகு அவளுக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்தாள். அடுத்த வாரமே அப்பாவைத் தேடிப் போனாள். அறைக்குப் போகவில்லை, அவர் வேலை செய்துகொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போய், நின்றுபோன லிஃப்ட்டின் வாசலில் நின்றாள். அப்பா உள்ளே பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தார். தலை மட்டும் தரைமட்டத்துக்கு மேலே தெரிந்தது.

"இந்த மாசத்துலேர்ந்து வீட்டு வாடகையில பாதி நீங்க குடுக்கணும். அம்மா ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போகக் கூடாது. நான் படிச்சு முடிக்கற வரைக்கும்."

பேரம் பேசுவார், முடியாது என்பார், அதற்கு இப்படி, இதற்கு அப்படி என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள்.

"சரி" என்றார் அப்பா. "முக்கால் பங்கு குடுக்கறேன்."

அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது வெளிப்படையாகத் தெரிந்தது. இவ்வளவுதான் விலை என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே கொடுத்திருப்பார் போலிருந்தது. முடியாது என்று எதிர்த்திருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. தலையை அசைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பணம் மாதா மாதம் ஒழுங்காக வந்தது. அம்மா அதைத் தொட மாட்டாள், வீராப்பாகத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று வக்கீல் நினைத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். முதல் மூன்று மாதப் பணத்தில் சமையலறைக்கு ஒரு கதவும், தனக்கு விலை கூடிய மெத்தையும் வாங்கினாள். "ஊரார் படுக்கைக்கெல்லாம் விரிப்பு மடிச்சுப் போட்டாச்சு. நானும் கொஞ்சம் நல்லா படுக்கறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம்வரை தூங்கினாள். ஆனால் இரண்டு பேருக்குச் சமைக்கும்போதும் பழக்கத்தில் மூன்று பேருக்கு அரிசி அளந்துவிட்டு, ஒரு பிடியைத் திரும்பப் பானையிலிருந்து டப்பாவுக்குள் போடுவாள்.

இரண்டாம் வருஷத்துக்கு உதவித்தொகையைப் புதுப்பிக்க வக்கீல் தனியாகப் போனாள். அதே அலுவலர், அதே கண்ணாடி, தலைக்கு மேலே.

"அப்பா இன்னும் தனியாத்தான் இருக்காராம்மா?"

"ஆமாங்க" என்றாள் வக்கீல். இந்தத் தடவை பொய் கிடையாது. போன தடவை வராத நடுக்கம் இந்தத் தடவை வந்தது.

அலுவலர் பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். "உங்க முதல் விண்ணப்பத்துல ரெண்டு பேர் வருமானமும் சேர்த்துப் போட்டிருந்தீங்க. ரெண்டாவதுல பிரிஞ்சு இருக்கறதாப் போட்டிருந்தீங்க. எனக்கு அப்பவே சந்தேகம்தான். எத்தனையோ பேர் அப்படிச் செய்யறாங்க. உங்கம்மா பேசினதைக் கேட்டதும் இது பொய்யில்லன்னு தெரிஞ்சுபோச்சு."

வக்கீல் மேஜை மேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியைப் பார்த்தாள்.

"வரம்பைக் கொஞ்சமா தாண்டறவங்களுக்குன்னு தனியா ஒரு நிதி இருக்கு. ஓவர்டைம் மாதிரி நிலையில்லாத வருமானத்தைக் கழிச்சுட்டுப் பாப்போம். நேர்ல வந்து கேட்டாப் போதும். வெட்கப்பட்டுக்கிட்டு யாரும் கேக்கறதில்ல. ஏதேதோ கதை கட்டிக்கிட்டு வந்து நிக்கறாங்க. உங்க விஷயம் வேற, வருத்தமான விஷயம். சும்மா சொன்னேன்."

வக்கீல் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வந்து கேட்டிருந்தால் போதும். வீட்டில் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள் அவள்தான். வீட்டுக்காரரிடமும் மின்சார அலுவலகத்திலும் மணிக்கணக்கில் வாயாடினவள், இந்த ஒரு கேள்வியை இந்த ஒரு மேஜையில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்பா போயிருப்பார். அது அவளுக்குத் தெரியும். ஆனால் வேறு காரணம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவள் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த மழைக்காலத்தில் அவளோடு வரைபட மேஜையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஜூனியர் பெண் ஒருத்தி பென்சில் சீவிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு முழுசா குடுக்கறாங்களாமே, எப்படிக்கா? எங்க வீட்டுலயும் கஷ்டம்தான். வரம்பு இத்துனூண்டு தாண்டிடுச்சுன்னு பாதிதான் குடுத்திருக்காங்க."

"எங்க அப்பாவும் அம்மாவும் சேர்ந்து இல்ல."

"ஐயோ, சாரிக்கா." அந்தப் பெண் பென்சில் தூளை ஊதிவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "குடுத்து வெச்சவங்க நீங்க. எங்க வீட்டுல ரெண்டும் ஒண்ணாவே இருந்து உயிரை வாங்குதுங்க."

வக்கீலும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அவங்க பிரிஞ்சு இருக்கறதா எழுதிக் குடுக்கப் போறியா?"

"எங்கப்பா யோசிச்சுக்கிட்டிருக்கார்."

"வேண்டாம்." அவள் குரல் பக்கத்து மேஜைவரை கேட்டது. "ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நாளைக்கே மேல மூணாவது மாடிக்குப் போ. கண்ணாடியைத் தலையில வெச்சிருக்கற அம்மாகிட்ட, வரம்பைக் கொஞ்சம் தாண்டிட்டோம், வழி இருக்கான்னு கேளு. வேற ஒரு வார்த்தை பேச வேண்டாம். ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போகணும், புரியுதா?"

மறுநாள் வகுப்புக்குப் போகும் வழியில் அவர்களைப் பார்த்தாள். மூன்றாவது மாடிக்குப் போகிற படிக்கட்டின் கீழே, அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். சான்றிதழ் உறையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தது யார் என்று சண்டை. நீதான் என்றார் அவர். உங்க மடியிலதானே வெச்சேன் என்றாள் அந்த அம்மாள், ஈரக் குடையை அவர் மேல் படும்படி உதறிக்கொண்டே. மகள் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். உறை அந்த அம்மாளின் பையிலேயே இருந்தது. அவர் அதை வெற்றியோடு தூக்கிக் காட்ட, அவள் அவர் கையிலேயே ஒரு அடி வைத்தாள். மூன்று பேரும் படியேறினார்கள். ஏறும்போதும் சத்தம் ஓயவில்லை.

மேலே கதவு மூடும்வரை வக்கீல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.